சளி விட்டது, இளைப்பு ஏன் விடவில்லை?

ஆடியில் மேற்கு மலையிலிருந்து காற்றும் சாரலும் இறங்கினால் கோம்பையில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும். காய்ச்சல் விட்டாலும் சிலருக்கு இளைப்பு நிற்பதில்லை. பழி காற்றின்மேல் விழும். காற்று பாவம், பெரும்பாலும் அது சளி பிடிக்கவைக்கும் ரைனோவைரஸின் வேலை.

வைரஸ் புகுந்த மூச்சுக்குழாய்ச் செல்கள் ஐஎல்-33 போன்ற அபாயச் செய்திகளை அனுப்பும். அவை ஒவ்வாமை அணுக்களைக் கிளப்பிவிடும்: குழாய் வீங்கும், சளி சுரக்கும், மூச்சு விசிலடிக்கும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பலருக்கு வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் மந்தம். வைரஸும் ஒவ்வாமையும் ஒன்றுக்கொன்று தீனி!

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறப்பு முதல் பிள்ளைகளைக் கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. 3 வயதுக்குள் ரைனோவைரஸால் இளைப்பு வந்தவர்களுக்கு 6 வயதில் ஆஸ்துமா வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு. வைரஸ்தான் குற்றவாளியா, இருந்த பலவீனத்தைக் காட்டிக்கொடுத்த சாட்சியா? வழக்கு இன்னும் முடியவில்லை.