ஆலை கட்டுவது எப்படி? ஒரு கம்ப்ரசரைப் பின்தொடர்ந்து பார்ப்போம்

மென்பொருள் துறையில் இருக்கிறவர்களுக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்றால் ஸ்பிரின்ட், பேக்லாக், ரிலீஸ். பிழை இருந்தால் அடுத்த வாரம் ஒரு பேட்ச். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை மாதிரியான பெரிய ஆலைகளில் இந்த வசதி கிடையாது. ஊற்றிய கான்கிரீட்டுக்கு பேட்ச் போட முடியாது, உடைக்கத்தான் முடியும். அப்படியென்றால் அவர்கள் எப்படித் திட்டமிடுகிறார்கள்? கொஞ்ச நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். புரிந்த ஒரு முக்கியமான விஷயத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இபிசி என்றால்

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் சொல் இபிசி. இன்ஜினியரிங், புரொக்யூர்மென்ட், கன்ஸ்ட்ரக்‌ஷன். அதாவது வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம். பெயரைக் கேட்டால் ஒன்று முடிந்தபிறகு அடுத்தது தொடங்கும் போலத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆலை முடிய வருஷங்கள் கூடும், கடன் வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடும். குழாய் வரைபடங்கள் பாதிகூட முடியாத நிலையில் சைட்டில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஓடும்போது "யார் என்ன வேலை செய்கிறார்கள்" என்பதைவிட "யார் எந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள்" என்பதுதான் பெரிய கேள்வி. இப்போது எல்லாம் பிடிஎஃப் தான். ஆனாலும் காகிதம் என்றே சொல்கிறேன்.

கம்ப்ரசரின் பயணம்

ஆலைக்கு ஒரு பெரிய கம்ப்ரசர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ப்ராசஸ் இன்ஜினியர் ஒரு டேட்டா ஷீட் எழுதுவார். என்ன வாயு, எவ்வளவு, எந்த அழுத்தத்திலிருந்து எந்த அழுத்தத்துக்கு என்று அதில் இருக்கும். மெக்கானிக்கல் ஆள் அதன்மேல் தன் நிபந்தனைகளைச் சேர்ப்பார். விலைப்புள்ளி கேட்பார்கள். வந்ததைத் தொழில்நுட்ப ரீதியாக ஒப்பிட்ட பிறகுதான் பர்ச்சேஸ் ஆர்டர்.

பெரிய கம்ப்ரசரைக் கடையில் போய்த் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆர்டர் கொடுத்தபிறகுதான் செய்யவே ஆரம்பிப்பார்கள். கைக்கு வர ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இந்த மாதிரிச் சாமான்களை 'லாங் லீட்' என்று தனியாகப் பட்டியல் போட்டு முதலிலேயே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கு. மெஷின் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே தயாரிப்பாளரிடமிருந்து வந்தாக வேண்டியது ஒன்று உண்டு: வெண்டர் டிராயிங். மெஷினின் எடை, அதிர்வினால் வரும் விசை, போல்ட் இடங்கள், குழாய் வந்து சேரும் வாய்கள் (இவற்றை நாசில் என்பார்கள்) எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். சிவில் ஆளுக்கு அது இல்லாமல் அஸ்திவாரம் வரைய முடியாது. பைப்பிங் ஆளுக்கு அது இல்லாமல் குழாய்ப் பாதையை முடிவு செய்ய முடியாது. சூடேறினால் குழாய் நீளும், நீண்டால் நாசிலைத் தள்ளும். அந்தத் தள்ளல் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். எலக்ட்ரிகல் ஆளுக்கு மோட்டாரின் அளவு தெரியாமல் கேபிள் வாங்க முடியாது. ஒரே ஒரு வரைபடத்துக்காகப் பல துறைகள் காத்திருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் என் கற்பனை, விளக்கத்துக்காக மட்டும். ஆர்டர் கொடுத்த நாள் பூஜ்யம்.

- கம்ப்ரசர் சைட்டுக்கு வர 52 வாரம், தூக்கி நிறுத்தி அலைன் செய்ய 3 வாரம். ஆக 55-வது வாரத்தில் குழாய் இணைக்கத் தயார்.
- வெண்டர் டிராயிங் 16-வது வாரம் வரும். அஸ்திவார வடிவமைப்பு 4 வாரம், தோண்டிக் கான்கிரீட் போட்டு அது இறுக 8 வாரம். 28-வது வாரம் அஸ்திவாரம் தயார்.
- அதே டிராயிங்கை வைத்துக் குழாய் வரைபடங்கள் 10 வாரம், குழாய் வாங்கி வெட்டி வெல்டிங் செய்ய 24 வாரம். 50-வது வாரம் குழாய் தயார்.

அஸ்திவாரத்துக்கு 24 வாரம் இடைவெளி இருக்கிறது. குழாய்க்கு 5 வாரம். இந்த இடைவெளிக்குப் பெயர் ஃப்ளோட். இடைவெளியே இல்லாத கம்ப்ரசர் பாதைதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் போனால் மொத்தத் திட்டத்திலும் ஒரு நாள் போச்சு.

இப்போது வெண்டர் டிராயிங் 6 வாரம் தாமதம் என்று வைப்போம். அஸ்திவாரத்துக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் 18 வாரம் கையில் இருக்கு. ஆனால் குழாய் 56-வது வாரத்துக்குப் போய்விட்டது. கிரிட்டிகல் பாத் கம்ப்ரசரை விட்டுவிட்டுக் குழாய்க்கு மாறிவிட்டது, ஒரு வாரம் நஷ்டம். சைட்டில் அன்று யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது, வேலை சுறுசுறுப்பாகத்தான் நடந்துகொண்டிருக்கும். நஷ்டம் கண்ணில் படும்போது பல மாதங்கள் ஓடியிருக்கும்.

இந்தக் கணக்கு முறை பிறந்ததே ரசாயன ஆலைகளில்தான். 1957-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து யூனிவாக் கணினியில் இதை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரிலிருந்த டூபாண்ட் ஆலையில், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நேரம் சராசரியாக 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது. மென்பொருள்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது: கிரிட்டிகல் பாத் முதலில் ஒரு கணினி நிரலாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கியது!

95 சதவீதம் என்கிற மாயை

சைட்டில் முன்னேற்றத்தை எப்படி அளப்பது? குழாய் வேலைக்கு 'இஞ்ச் டயா' என்று ஒரு அளவு உண்டு. 6 அங்குலக் குழாயில் ஒரு வெல்டிங் போட்டால் 6 இஞ்ச் டயா. மொத்தம் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு என்று வகுத்தால் சதவீதம் வந்துவிடும். நல்ல அளவுதான். ஆனால் அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் என்றால், அவர் பெரிய குழாய்களை முதலில் முடிப்பார். சின்னச் சின்ன இணைப்புகள் கடைசியில் நிற்கும்.

கட்டுமானம் ஏரியா ஏரியாவாக நடக்கும். ஆலையை ஓட்டுவதோ சிஸ்டம் சிஸ்டமாக. மின்சாரம், கூலிங் வாட்டர், கருவிகளுக்கான காற்று இவை முதலில் வந்தால்தான் மற்றவற்றைத் தொடவே முடியும். காற்றுக் குழாய் ஐந்து ஏரியாக்களைத் தாண்டிப் போகிறது, ஒரு ஏரியாவில் இரண்டு மீட்டர் பாக்கி என்றால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும். 95 சதவீதம் முடிந்த ஆலையில் ஓட்டக்கூடிய சிஸ்டம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதனால் அனுபவசாலிகள் திட்டத்தின் பின்பகுதியில் வேலையைத் தலைகீழாகத் திருப்புகிறார்கள். எந்த சிஸ்டம் முதலில் ஓட வேண்டும் என்று பட்டியல் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி வெல்டிங் வேலையை வரிசைப்படுத்துகிறார்கள்.

காகிதம் இல்லாத மாற்றம்

இவ்வளவு காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ ஆலை ஒரு பதில். சைக்ளோஹெக்சேனை ஆக்சிஜனோடு வினைபுரிய வைக்கும் ஆறு ரியாக்டர்கள் அங்கே வரிசையாக, படிக்கட்டு போல ஒன்றைவிட ஒன்று தாழ்வாக இருந்தன. 1974 மார்ச்சில் ஐந்தாவதில் விரிசல் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு நாலையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். இருந்த வாய்கள் 28 அங்குலம், போட்ட குழாய் 20 அங்குலம். இரண்டு முனையிலும் பெல்லோஸ், தாங்கிப் பிடிக்கச் சாரம். இந்த வளைந்த குழாய்க்கு முறையான வரைபடம் இல்லை, பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுதான். அழுத்தம் ஏறும்போது அது எப்படித் திருகும் என்ற கணக்கை யாரும் போடவில்லை. ஆலையின் தலைமைப் பொறியாளர் பதவியும் அப்போது காலியாக இருந்தது.

நோக்கம் உற்பத்தியைச் சீக்கிரம் தொடங்குவது. தொடங்கியும் விட்டார்கள். ஜூன் 1 அன்று அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய வாயு வெடித்து, ஆலையில் இருந்த 28 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை. வாரநாளாக இருந்திருந்தால் இன்னும் அதிகம் பேர் உள்ளே இருந்திருப்பார்கள்.

மென்பொருளில் ரிவ்யூ இல்லாமல் மெர்ஜ் செய்தால் பொதுவாக இரவுத் தூக்கம் போகும். இங்கே போவது உயிர். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் ரிவிஷன் எண்ணும் மூன்று கையெழுத்தும் வெறும் அலுவலகச் சடங்கு இல்லை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் ஒருவர் தன் துறையின் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

எங்கே ஆரம்பிப்பது?

இதைப் படிக்க விரும்பினால் ஷெட்யூல் மென்பொருளில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் பி அண்ட் ஐடி படிக்கப் பழகுங்கள். குழாய், வால்வு, கருவி எல்லாம் எப்படி இணைகின்றன என்று காட்டும் வரைபடம் அது, ஆலையின் சோர்ஸ் கோட் என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் ஏதாவது ஒரு பம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அது ஓட வேண்டுமானால் என்னென்ன வந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் யாருடைய எந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கும் என்று பின்னோக்கி எழுதுங்கள். இரண்டு பக்கம் நிறைந்துவிடும். உங்கள் முதல் ஷெட்யூல் அதுதான்.