எழுந்து போகாத பெரியம்மா

5 மணி 29 நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? சினிமாவுக்குப் போனால்கூட நடுவில் இடைவேளை விடுகிறார்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காப்பி சாப்பிட எழுந்து போய்விடுகிறோம். ஆனால் என் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். பாயை விட்டு அசையவில்லை. எதற்காக என்கிறீர்கள்? டென்னிஸ் ஆட்டம் பார்க்க!

பெரியம்மாவுக்கு வயது 72. டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவள் அல்ல. “பதினைந்து, முப்பது, நாற்பது” என்று பாயிண்ட் எண்ணுகிறார்களே, அதைக் கேட்டுவிட்டு, “நாற்பத்தஞ்சு எங்கேடி போச்சு?” என்று விசாரிக்கிறவள். அவள் கண் விழித்துப் பார்த்தாள்; காலேஜில் படித்த நான் பாதியில் போய்த் தூங்கினேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டு கட்சி

2025-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லீவுக்காகக் குயிலாப்பாளையம் போயிருந்தேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால், செம்மண்ணும் முந்திரி மரமுமாக வருகிற ஊர் அது. ஆரோவிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், வெள்ளைக்காரர்களைக் கண்டால் அங்கே குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியம்மா வீட்டு மாடியிலும் ஓர் இத்தாலியத் தம்பதி குடியிருக்கிறார்கள்.

அன்று பாரிஸில் பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இத்தாலியின் யானிக் ஸின்னர், உலகத்தின் முதல் இடத்தில் இருந்தவர், வயது 23. எதிரே ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ், இரண்டாம் இடத்தில் இருந்தவர், முந்திய வருஷம் அதே மைதானத்தில் கோப்பை வாங்கியவர், வயது 22. பாரிஸில் பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு மாலை 6-30. விளக்கேற்றி முடிந்ததும் ஆட்டம் ஆரம்பம்.

டெலிவிஷன் கீழ்க் கூடத்தில். ஆகவே மாடிக்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் ஸின்னர் கட்சி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சினீயரிங் படிக்கும் பெரியம்மாவின் பேரன் அல்கராஸ் கட்சி. நானும் அப்படியே. பெரியம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் காமிரா ரசிகர்கள் பக்கம் திரும்பியது. ஒரு நடுவயதுப் பெண்மணி. பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்த முகம்.

“யாருடி இந்தப் பொம்பளை?”

“ஸின்னருடைய அம்மா, பெரியம்மா.”

அவ்வளவுதான். பூவும் நாரும் கீழே இறங்கின. அதன்பிறகு பந்து எங்கே போகிறது என்று பெரியம்மா பார்க்கவே இல்லை. அந்தத் தாய் எப்போது மறுபடி வருவாள் என்றே காத்திருந்தாள்.

அந்த அம்மாளின் கதையை நான் சொன்னேன். இத்தாலியின் வடகோடியில், பனிமலை அடிவாரத்தில் உள்ள ஊர். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் கணவர் சமையற்காரர். இவர் பரிமாறுகிற வேலை. மகன் 13 வயதில் டென்னிஸ் கற்க வீட்டை விட்டு வெகுதூரம் போய்விட்டான்.

“பதிமூணு வயசிலேயா அனுப்பினா?” என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் போட்ட கணக்கு

முதல் செட் ஸின்னருக்கு 6-4. இரண்டாவதும் அவருக்கே, 7-6. மாடித் தம்பதியின் முகத்தில் தீபாவளி! மூன்றாவது செட்டை அல்கராஸ் 6-4 என்று பிடுங்கினார். நான்காவதில் மறுபடியும் ஸின்னர் முன்னேறி 5-3. ஸர்வீஸ் போடுகிறவர் அல்கராஸ். பாயிண்ட் கணக்கு 0-40. அதாவது, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை ஸின்னருக்கு. அதை எடுக்க வரிசையாக 3 சந்தர்ப்பம்.

மணி 10-க்கு மேல் ஆகியிருந்தது. மறுநாள் விடியற்காலை நான் சென்னை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். “போச்சு! இனிமேல் என்ன இருக்கிறது?” என்று எழுந்தேன்.

“தூங்கப் போறியா கண்ணு? போ. அந்தத் தாய் எழுந்து போகலியே, நான் எப்படிப் போறது?” என்றாள் பெரியம்மா.

நான் போய்ப் படுத்துவிட்டேன். நன்றாகவும் தூங்கினேன்.

காலையில் காப்பி டம்ளரோடு வந்தான் பேரன். “அத்தை! நீ போனப்புறம்தான் ஆட்டமே!”

அந்த 3 பாயிண்ட்டையும் அல்கராஸ் ஒவ்வொன்றாகத் தடுத்துவிட்டாராம். நான்காவது செட்டை 7-6 என்று எடுத்தாராம். ஐந்தாவது செட்டில் அவர் 5-4 என்று ஜயிக்கப் போகிற சமயம் ஸின்னர் விடாமல் எட்டிப் பிடித்தாராம். கடைசி டை-பிரேக்கில் 10-2 என்று அல்கராஸுக்கு வெற்றி. மொத்தம் 5 மணி 29 நிமிஷம். பிரெஞ்சு சாம்பியன்ஷிப் சரித்திரத்திலேயே இவ்வளவு நீண்ட இறுதி ஆட்டம் நடந்ததில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். அன்று மொத்தம் ஆடிய பாயிண்ட் 385. அதில் ஸின்னர் எடுத்தது 193. அல்கராஸ் எடுத்தது 192. ஒரு பாயிண்ட் அதிகம் எடுத்தவர் தோற்றார்!

அது சரி, கூடத்தில் என்ன நடந்தது? பேரன் குதித்த குதியில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. மாடிக்கார ஐயா, தாங்க முடியாமல் வாசலுக்குப் போய் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். உள்ளேயிருந்து வருகிற சத்தத்தை வைத்தே ஆட்டத்தை ஊகித்தாராம். அந்த அம்மாள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பெரியம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைத்து, மாடிக்காரர்களுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் பேரன் தானாகவே சத்தத்தைக் குறைத்துவிட்டான்.

பரிசளிப்பின்போது, இன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வராது என்று ஸின்னர் சொன்னார். தோற்றவர் தூங்கவில்லை. ஜயித்தவரும் தூங்கியிருக்க மாட்டார். குயிலாப்பாளையத்திலே பெரியம்மாவும் தூங்கவில்லை. குறட்டை விட்டது நான் ஒருத்திதான்!

கல்கத்தாவில் ஒரு நாள்

மானம் போகாமல் இருக்க எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாமா? பஸ்ஸைத் தவற விட்டாலும் சரி என்று, நம் ராமநாதன் கிருஷ்ணன் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன்.

கிருஷ்ணன் தம் தந்தை டி. கே. ராமநாதனிடம் ஆட்டம் கற்றவர். 1954-ல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வாங்கியவர். 1960-லும் 1961-லும் அங்கே பெரியவர்கள் ஆட்டத்தில் அரை இறுதி வரை போனவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பழைய ரசிகர்களுக்கு நினைவு வருவது 1966 டிசம்பர்தான்.

கல்கத்தா சௌத் கிளப் புல்தரை. டேவிஸ் கோப்பைப் போட்டி. பிரேஸிலை ஜயித்தால், இந்தியா முதல் தடவையாக ஆஸ்திரேலியாவுடன் இறுதிச் சுற்றில் மோதலாம். பிரேஸில் லேசுப்பட்டதல்ல, அமெரிக்காவையே தோற்கடித்துவிட்டு வந்திருந்தது. இரு கோஷ்டிகளும் 2-2 என்று சமமாகிவிட்டன. கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. இந்தப் பக்கம் 29 வயதுக் கிருஷ்ணன். அந்தப் பக்கம் 21 வயது இடதுகைக்காரர் தோமாஸ் காக்.

முதல் செட் காக்குக்கு 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு 6-4. அந்தக் காலத்தில் டை-பிரேக் கிடையாது, இழுத்துக்கொண்டே போகும். மூன்றாவது செட் அப்படி இழுத்து 12-10 என்று காக்குக்குப் போனது. நான்காவதில் காக் 5-2!

அன்று அந்த மைதானத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் கூட்டம் கலைவதற்குள் ரிக்ஷா பிடிக்க ஓடியிருப்பேன்.

கிருஷ்ணன் அவசரப்படவில்லை. பலமாக அடித்து நொறுக்குவது அவர் பாணியே அல்ல. இடம் பார்த்து, இதமாகப் பந்தை வைக்கிறவர். அப்படியே வைத்து, வரிசையாக 5 கேம் எடுத்தார். செட் 7-5. ஐந்தாவது செட் 6-2. இந்தியா இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது!

மெல்போர்னில் நடந்த இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 4-1 என்று ஜயித்தது. அந்த ஒன்றும் சாமானியமானதல்ல. 1965-ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வாங்கிய நியூகோம்ப், ரோச் ஜோடியைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் தோற்கடித்து எடுத்தது அது. 21 வருஷம் கழித்து, 1987-ல் ஸிட்னியில் அதே மாதிரி 2-2 என்ற நிலை. அப்போது கடைசி ஆட்டத்தில் மாசுரை ஜயித்து இந்தியாவை மறுபடி இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சேர்த்தவர் ரமேஷ் கிருஷ்ணன். கல்கத்தா வீரரின் மகன்!

ரொம்பப் பெருமையாகச் சொல்லி முடித்தேன். பெரியம்மா கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

“அந்த பிரேஸில் பையனோட அம்மா என்ன ஆனா?”

என்னிடம் பதில் இல்லை.

கடிகாரம் இல்லாத ஆட்டம்

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கால்பந்தில் 90 நிமிஷம் என்று கணக்கு உண்டு. முன்னே போனவர் பந்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கிவிடலாம். கிரிக்கெட்டில் இத்தனை ஓவர் என்று முடிவு உண்டு. மழை வந்தும் காப்பாற்றும். டென்னிஸில் கடிகாரம் கிடையாது. எவ்வளவு முன்னே போனாலும், கடைசிப் பாயிண்ட்டை எடுத்தால்தான் வெற்றி. அதுவரையில் பின்தங்கியவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. 5-2 என்பதும் 0-40 என்பதும் நிலைமையே தவிர, முடிவு அல்ல. பாதியில் எழுந்து போகிற நாம்தான், இல்லாத கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மணி அடித்துவிடுகிறோம்.

இன்னொன்று. போட்டியாளர்கள் என்றால் விரோதிகள் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். 2008 ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த அரை இறுதி ஆட்டம் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். நடாலும் மோயாவும் 3 மணி 54 நிமிஷம் மோதினார்கள். மூன்று செட்டும் டை-பிரேக்! இருவரும் ஸ்பெயினில் ஒரே தீவைச் சேர்ந்தவர்கள். மோயா மூத்தவர், நடாலுக்கு அண்ணன் மாதிரி. ஜயித்த நடாலுக்கு மறுநாள் கால் எழும்பவில்லை. இறுதி ஆட்டத்தில் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். பிற்பாடு அந்த மோயாவையே நடால் தம் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்.

நடுராத்திரியில் எதிர்க்கட்சிக்குச் சுக்குக் காப்பி போட்ட பெரியம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியப்பா போனபோது அவளுக்கு வயது 34. கையில் இரண்டு குழந்தைகள். இவள் கதை முடிந்தது என்று சொந்தக்காரர்களே பேசிக்கொண்டார்கள். வாசலில் இட்லிக் கடை போட்டாள், பிள்ளையைப் படிக்க வைத்தாள், மாடியும் கட்டினாள். “அவ்வளவுதான்” என்று அன்று எழுந்து போனவர்கள் யார் யார் என்று அவளுக்கு இன்றும் தெரியும். ஆனால் வந்தால் காப்பி கொடுக்கத்தான் செய்கிறாள்.

ஜூலை 13

ஐந்து வாரம் கழித்து, லண்டனில் விம்பிள்டன் இறுதி ஆட்டம். மறுபடியும் அதே இருவர். இரவு 8-30-க்கு ஆரம்பம். முதல் செட் அல்கராஸுக்கு, 6-4. ஐயோ பாவம், மறுபடியுமா என்று நினைத்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த மூன்று செட்டையும் 6-4, 6-4, 6-4 என்று எடுத்து, ஸின்னர் கோப்பையைத் தூக்கினார். விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் இத்தாலியர் அவர்தான்.

நள்ளிரவை நெருங்கிய நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. குயிலாப்பாளையம்!

“பெரியம்மா, பார்த்தீர்களா? ஸின்னர் ஜயித்துவிட்டார்!”

“அது கிடக்கட்டும். இங்கே கரண்டு போயிடுச்சு. நீ பார்த்தியா இல்லை தூங்கிட்டியா?”

“பார்த்தேன், பார்த்தேன். கடைசி வரைக்கும்!”

“அப்படின்னா சொல்லு. அந்தத் தாய் சிரிச்சாளா?”