மார்கழித் தும்மலும் மூக்கைக் கழுவுற தண்ணியும்

போன மார்கழில, காலை மீட்டிங்ல நான் பேசினதைவிடத் தும்மினதுதான் அதிகம். இங்க வேங்கிக்கால்ல மழை விட்டதும் காலி மனையெல்லாம் பார்த்தீனியம் பூத்து நிக்கும். பழியை மொத்தமா அது மேலயே போட்டேன். அப்புறம் ஒரு வாரம், எப்பெப்போ தும்மல் வருதுன்னு போன்ல குறிச்சு வெச்சேன். பார்த்தா, பாதிக்கு மேல படுக்கையில இருந்து எழுந்த அரை மணி நேரத்துக்குள்ளதான்!

குளிருக்காகப் பரண்ல இருந்து கம்பளியை எடுத்துப் போத்தியிருந்தேன். அதுல டஸ்ட் மைட். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. காற்றில் ஈரம் இருந்தால் நன்றாகப் பெருகும். நமக்கு ஒத்துக்காதது முக்கியமா அதோட கழிவில் உள்ள புரதம். வெயில்ல போட்டா மட்டும் அது போகாது, துவைக்கணும். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணில துவைங்க. கம்பளி திரும்பப் பரணுக்கே போயிடுச்சு.

இதுக்கு நடுவுல நான் பண்ண பெரிய தப்பு, மூக்கடைப்புக்கான சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை மூணு வாரம் விட்டது. நாலைந்து நாளைக்கு மேல் போனால், மருந்தின் வேகம் குறைந்ததுமே மூக்கு மறுபடி வீங்கி அடைக்கும். அடைப்புக்குக் காரணமே மருந்துதான்னு டாக்டர் சொன்னப்போ சிரிப்புதான் வந்துச்சு. ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். அது உடனே கேட்காது, ஒன்றிரண்டு வாரம் விடாமல் அடிக்கணும்.

வீட்ல எனக்கு நிஜமா கைகொடுத்தது உப்புத் தண்ணி. 240 மி.லி. தண்ணிக்கு அரை டீஸ்பூன் அயோடின் இல்லாத உப்பு. வாஷ்பேசின் மேல குனிஞ்சு, தலையைச் சாய்ச்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டே மேல் பக்க மூக்குல ஊத்தினா கீழ் பக்கமா வெளிய வரும். ஆவி பிடிச்சா கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அவ்வளவுதான். உள்ள ஒட்டியிருக்கிற தூசியை இதுதான் கழுவும்.

ஆனா குழாய்த் தண்ணி, கேன் தண்ணி அப்படியே வேண்டவே வேண்டாம். 2024-ல் கேரளாவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த 'மூளையைத் தின்னும் அமீபா' மூக்கு வழியாத்தான் மூளைக்குப் போகும். குடிச்சா வராது, மூக்குல ஏறினா ஆபத்து. அதனால ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிக்கவெச்சு, ஆறினதும் ஊத்துங்க. பாட்டிலையும் கழுவிக் காயவைங்க.

நெஞ்சுல விசில் சத்தம், மூச்சு வாங்குதுன்னா இது எதுவும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.