கண்ணாடி லாரி வந்து நின்ற பிறகு

கண்ணாடியின் எடையைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. கடை முகப்புக்குப் போடும் 12 மி.மீ. கண்ணாடியில், 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஷீட் 180 கிலோ வரும். பத்து ஷீட் அடுக்கினால் 1,800 கிலோ. கண்ணாடி என்றால் கை கிழியும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். லோடு இறக்குகிறவர்கள் பயப்படுவது அடுக்கு சரிவதற்கு. கிட்டத்தட்ட இரண்டு டன் எடை சாயத் தொடங்கினால் நான்கு பேர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. நிறுத்தப் போகிறவர்தான் அடியில் சிக்குகிறார்.

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் செயிண்ட்-கோபைன் ஆலை போன்ற இடங்களில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை ஓடவிட்டு ஷீட் எடுக்கிறார்கள். முழு ஷீட்டின் வழக்கமான அளவு 6 மீட்டருக்கு 3.21 மீட்டர். சாதாரண லாரியின் தளமே தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அதில் இதை நிற்கவைத்தால் உயரம் நாலேகால் மீட்டரைத் தொட்டுவிடும். தாழ்வான மின்கம்பியும் பாலமும் வழிவிடாது. இதற்கென்றே ‘இன்லோடர்’ டிரெய்லர் இருக்கிறது. அதன் சக்கரங்களை இணைக்க நடுவில் அச்சு கிடையாது. அந்த இடைவெளியில், கண்ணாடி நிற்கும் ரேக் தரையை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும்.

படுக்கவைத்து ஏற்றலாமே என்று தோன்றும். கண்ணாடி அழுத்தத்தை நன்றாகவே தாங்கும், வளைவைத் தாங்காது. படுத்திருக்கும் ஷீட் ஒவ்வொரு வேகத்தடையிலும் தன் எடையாலேயே வளையும். விளிம்பில் ஏற்கெனவே ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். நிற்கவைத்தால் எடை நேராகக் கீழ் விளிம்புக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ரப்பர் பதித்த ரேக்கில், சுமார் 5 டிகிரி பின்பக்கம் சாய்த்து, பெல்ட் போட்டு இறுக்குகிறார்கள்.

வலுவூட்டிய ‘டஃபன்’ கண்ணாடிக்கு உடையாது என்று ஒரு பெயர் இருக்கிறது. முகத்தில் விழும் அடியை அது தாங்கும்தான். மூலையில் ஒரு கல் தட்டினால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். டஃபன் செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், ஒன்று போனால் அதே அளவில் புதிதாகச் செய்துதான் வரவேண்டும்.

மழையும் ஒரு பகை. இரண்டு ஷீட்டுக்கு நடுவே தண்ணீர் தேங்கினால், கண்ணாடியிலிருந்து கசியும் காரம் அந்த நீரில் சேர்ந்து கண்ணாடியையே அரிக்கும். வானவில் நிறத்தில் படியும் கறை முற்றிவிட்டால் துடைத்துப் போக்க முடியாது. அதற்காகத்தான் இடையில் காகிதமோ நுண்ணிய பொடியோ வைக்கிறார்கள். ஊட்டிக்குப் போகும் இரட்டைக் கண்ணாடிக்கு வேறொரு தொல்லை. சமவெளியில் காற்றை உள்ளே அடைத்து மூடிய ஜன்னல் 2,240 மீட்டர் உயரம் ஏறும்போது, வெளியே காற்றழுத்தம் கால்பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உள்ளிருக்கும் காற்று இரண்டு பக்கமும் கண்ணாடியைத் தள்ளும். மலையூருக்கு என்று முன்கூட்டியே சொன்னால், காற்று வெளியேற மெல்லிய குழாய் வைத்துத் தருவார்கள்.

இவ்வளவையும் கடந்து வந்த லாரி சைட்டில் நிற்கும்போது, ஆபத்து முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆபத்து தொடங்குவதே அங்குதான். புதிதாக மண் கொட்டி நிரப்பிய மனை. முந்தின நாள் மழை. லாரியின் இருபக்கச் சக்கரங்களுக்கு இடையே சுமார் 180 செ.மீ. தூரம். ஒரு பக்கம் 15 செ.மீ. புதைந்தால் வண்டி ஏறக்குறைய 5 டிகிரி சாய்கிறது. ரேக்கில் கண்ணாடிக்குக் கொடுத்த சாய்வும் அதே 5 டிகிரிதான். புதைந்த பக்கத்து ஷீட்டுகள் இப்போது செங்குத்தாக நிற்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது பெல்ட் ஒன்றே. அந்த நேரத்தில் ஒருவர் கீழே நின்றுகொண்டு பெல்ட்டை அவிழ்க்கிறார்.

எனவே சமதளமான, கெட்டியான தரை கிடைக்கும்வரை பெல்ட்டைத் தொடவே கூடாது. அவிழ்த்த பிறகு கண்ணாடியின் முகத்துக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஓரத்தில் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். இருபக்கமும் கண்ணாடி ஏற்றிய ‘ஏ’ வடிவ ரேக்கில் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் ரேக்கே கவிழும். மாறிமாறி எடுக்க வேண்டும். சக்‌ஷன் கப் போடும் இடத்தில் தூசியும் ஈரமும் இருந்தால் பிடி நழுவும் என்பது வேலைக்காரர்களுக்குத் தெரியும். அவசரப்படுத்தும் மேற்பார்வையாளர்தான் அதை மறக்கிறார். ஷீட் சாயத் தொடங்கினால் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை மட்டும் எல்லோருக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கண்ணாடி விலை உயர்ந்தது என்ற பயத்தில் கை தானாகவே பிடிக்கப் போகும்.

வீட்டுக்கோ கடைக்கோ பெரிய கண்ணாடி சொல்பவர்கள், விலை பேசும்போதே இறக்குவது யார் பொறுப்பு, எத்தனை பேர் வருகிறார்கள், கிரேன் தேவைப்படுமா என்று கேட்டுவிடுங்கள். லாரி வந்தபின் ‘கொஞ்சம் கை கொடுப்பா’ என்று வாட்ச்மேனையோ கொத்தனாரின் ஆட்களையோ அனுப்பாதீர்கள்.