ஸ்கேனில் தெரியாத துறுதுறுப்பு

டிசம்பர் பிள்ளைகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பள்ளியில் சேர்க்க டிசம்பர் 31-ஐ வைத்துத்தான் வயதைக் கணக்கிடுவார்கள். ஜனவரியில் பிறந்த குழந்தைக்கும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த குழந்தைக்கும் ஒரே வகுப்பு. அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு இது: ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறல், மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்படும் வாய்ப்பு, ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்களுக்கு 30 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளில் அது 70 சதவீதம்.

பிறந்த மாதம் மூளையைக் கெடுப்பதில்லை. தன்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால், சின்னவன் கூடுதலாகத் துள்ளத்தான் செய்வான். அந்தச் சிறுவயதுக்கே நோயின் பெயர் விழுந்துவிட்டது. பலருக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. என்னை உலுக்கியது இந்த இரண்டாவது விஷயம்தான்.

இதை வைத்து, இப்படியொரு குறைபாடே கிடையாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. குறைபாடு இருப்பது உண்மை. அதனால் தவிக்கும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை நன்றாகவே உதவுகிறது. அதை அளப்பதுதான் கடினம்.

எத்தனை தடவை என்றால் 'அடிக்கடி'?

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் 18 அறிகுறிகள் உண்டு. கவனச் சிதறலுக்கு 9, அடங்காத ஓட்டத்துக்கும் அவசரத்துக்கும் 9. ஏதாவது ஒரு பிரிவில் 6 இருக்க வேண்டும். 17 வயதிலிருந்து 5 போதும். அவை 6 மாதமாவது நீடித்து, 12 வயதுக்குள் தலைகாட்டி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வோர் அறிகுறியோடும் 'அடிக்கடி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் டீச்சருக்கு அது ஒரு கணக்கு. ஒற்றைப் பேரனைக் கொஞ்சும் பாட்டிக்கு வேறு கணக்கு. ஜன்னலைப் பார்த்தபடி கனவில் மூழ்கும் சிறுமியோ யாருக்கும் தொல்லை தருவதில்லை. அதனாலேயே அவள் எவர் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகிறாள்.

இயந்திரம் சொல்லுமா?

இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மூளை அலைகளை அளக்கும் ஒரு கருவிக்கு, மருத்துவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும் 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை நம்பி நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2016-இல் அந்நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் சங்கமே எச்சரித்தது. 2017-இல் 3,200-க்கும் மேற்பட்டவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டபோது, குறைபாடு உள்ளவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் சராசரியில் கொஞ்சம் சிறியதாக இருந்தன. சராசரியில் மட்டும்தான். ஆண்கள் பொதுவாகப் பெண்களைவிட உயரம் என்பது தெரியும். உயரத்தை மட்டும் சொல்லி, அது ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன சொல்வது?

மருத்துவரிடம் போகுமுன்

கண், காது, தூக்கக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, சில நொடி வெறித்துப் பார்க்கும் வலிப்பு, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம், வீட்டில் ஏதாவது பயம். இவற்றில் எது இருந்தாலும் இதே அறிகுறிகள் தெரியலாம். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியாக விசாரிக்காமல் பத்தே நிமிடத்தில் முடிவு சொன்னால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். பழைய ரேங்க் கார்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் கொடுத்திருந்தால், கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள்.