கூத்துக்கு வரும் மாரியோ

கண்ணமங்கலம் பக்கத்து ஊர்களில் தெருக்கூத்துப் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். துரியோதனன் திரையை விலக்கி வந்ததும், கட்டியங்காரன் அவன் யார், எந்த நாட்டான் என்று விசாரிப்பான். விடையிலிருந்து அவன் வலிமை சபைக்கு மட்டுமல்ல, உடன் ஆடுவோருக்கும் விளங்கிவிடும்.

இன்று இணையத்தில் பலர் கூடி, ஆளுக்கொரு வேடம் ஏற்று, மாறி மாறிக் கதை எழுதுகிறார்கள். அக்கதைக்குள் விடியோ விளையாட்டு வீரன் மாரியோவை நீங்கள் அழைத்து வருவதாக வைத்துக்கொள்வோம்.

1985-ல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் சிறிய மாரியோ தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தாவுகிறான். அவன் உயரம் 1.6 மீட்டர் என்றால் தாவல் 6.4 மீட்டர். பூமியில் இதற்கு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் எழும்ப வேண்டும். தரையில் விழும்போதும் அதே வேகம்தான்! விளையாட்டில் முழங்கால் நோவதில்லை, நிரல் அப்படி. கதையிலோ நிரல் கிடையாது. எல்லை வகுக்க வேண்டியவர் நீங்களே.

எப்படி? ஈர்ப்பைக் குறைத்தால், பக்கத்தில் நிற்பவரும் உயரே தாவுவார். கால்களுக்கு வலிமை தந்தால், அவன் உதைக்கும் கதவு என்னவாகும் என்று சொல்ல வேண்டும். செத்துச் செத்துப் பிழைக்கும் உயிர்களையும் கொடுத்துவிட்டால், நண்பர் எழுதும் ஆபத்துக்குப் பொருளே இராது.

துரியோதனன் மாவீரன்தான். ஆனாலும் படுகளத்தன்று பீமனிடம் விழுகிறான். விழ மறுக்கும் வேடக்காரருடன் யார் கூத்தாடுவார்?