பனி விளக்கு மங்குவது ஏன்?

போகி விடியற்காலை. வண்டலூர் ஜி.எஸ்.டி. ரோட்டில் பனியும் புகையும் கலந்து வழியை மறைக்கும். அந்த நேரம், காரில் புதிதாகப் பொருத்திய பனி விளக்கு மங்கினால்?

விளக்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி எர்த் வயர்தான்! பெயிண்ட் பூசிய தகட்டில் முடுக்கினால் மின்சாரம் சரியாக ஓடாது. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கவேண்டும்.

அடுத்தது, ரிலே. 55 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய சுவிட்ச் தாங்குமா? சூடேறி உருகலாம். ரிலே வைத்தால், அந்தப் பாரத்தை அது சுமக்கும். பேட்டரி அருகே பியூசும் அவசியம்.

முகப்பு விளக்கில் 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 வாட் போடாதீர்கள். ஹோல்டர் கருகும்.

பனி விளக்கு தாழ்ந்து, தரையைப் பார்க்கட்டும். நிமிர்ந்தால் எதிரே வருபவர் கண் கூசும். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி உங்கள் கண்ணையும் மறைக்கும்!